தாத்தா வேலை பார்த்த போர்க்கப்பலைத் தேட

படத்தில் தாத்தா போட்டிருக்கும் மாலுமித் தொப்பியின் நாடாவைப் பார்த்துக் கப்பலைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரகசியம் கருதி அதில் கப்பல் பெயர் போடமாட்டார்கள். எங்கள் வீட்டுப் படத்தில் ‘எச்.எம்.ஐ.எஸ்.’ (மன்னரின் இந்தியக் கப்பல்) என்பதோடு சரி. டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த பணிச் சான்றுதான் ‘பெங்கால்’ என்றது.

அந்தச் சான்றில் முதலில் பார்க்க வேண்டியது, கப்பலில் ஏறிய தேதி. தாத்தா ஜப்பான்காரனோடு சண்டை போட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. பெங்கால் அந்தச் சண்டையைப் போட்டது 1942 நவம்பர் 11. அவர் ஏறியதோ 1943. பாட்டி இருந்திருந்தால் அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டிருப்பாள்.

பெயரோடு கப்பலின் பக்கவாட்டில் எழுதிய எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பெங்காலுக்கு ஜே 243. ஒரே பெயரில் பல கப்பல்கள் இருந்திருக்கும். எண் இருந்தால் குழப்பம் வராது.

பாதுகாப்புக்குப் போன கப்பலை மட்டும் தேடினால் பாதிக் கதைதான் கிடைக்கும். அது யாருக்குக் காவலாகப் போனதோ அந்தக் கப்பலையும் தேடுங்கள். பெங்கால் சின்னக் கண்ணிவாரி, அதாவது கடலில் போட்ட கண்ணிவெடிகளை அகற்றும் கப்பல். ‘ஒண்டினா’ என்ற டச்சு எண்ணெய்க் கப்பலோடு இந்தியப் பெருங்கடலில் போகும்போது, 10,000 டன்னைத் தாண்டிய இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் எதிர்ப்பட்டன: ஹோகோகு மாரு, ஐகோகு மாரு. ஹோகோகு மாரு மூழ்கியது. குண்டு தீரும் நிலையில் பெங்கால் விலகியது. ஒண்டினா அழிந்துவிட்டது என்றே பெங்காலில் இருந்தவர்கள் நினைத்தார்கள். ஆனால் ஒண்டினாவின் கேப்டன் ஹார்ஸ்மன் இறந்த பின்பும், படகில் இறங்கியவர்கள் திரும்ப ஏறி, அதை ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் துறைமுகத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஹோகோகு மாருவை மூழ்கடித்த குண்டு யாருடையது என்பதில் பெங்கால், ஒண்டினா இரு தரப்புக்கும் வழக்கு உண்டு. ஒருவர் அறிக்கையை மட்டும் படித்திருந்தால் நானும் தப்பாகத்தான் எழுதியிருப்பேன்.

லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏடிஎம் 199’ (ADM 199) என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கோப்பு வரிசையில் போர்க்கால அறிக்கைகளும் கான்வாய் (காவலோடு கூட்டமாகப் போன கப்பல்கள்) விவரங்களும் இருக்கின்றன. சிறு கப்பல்களின் அன்றாடப் பதிவேடுகள் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிட்டன. அவற்றுக்காகப் பணம் கட்டிக் காத்திருக்காதீர்கள். இந்தியக் கடற்படைக் கோப்புகளுக்கு பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களையும் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தையும் பாருங்கள்.

கடலில் இறந்தவரா? காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடுங்கள். நம் பெயர்களை அப்பா பெயர் முன்னால், பின்னால் என்று கண்டபடி எழுதியிருப்பார்கள். முத்துசாமியை நான்கு விதமாகவாவது தட்டிப் பாருங்கள்.

கிடைத்ததைப் படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள்: பெயர், எண், ஏறிய தேதி. பென்சிலில், அழுத்தாமல். பேனா மை முகத்தில் ஊறிவிடும்.