விஸ்கான்சினில் மான் வேட்டை: ஒரு பவுண்டு கறிக்கு எவ்வளவு ஆகிறது?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நவம்பரில் வரும் நன்றி நவிலும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவத்தில் முதன்முறையாக வெண்வால் மான் வேட்டைக்குச் செல்ல விரும்புபவர், பல ஆண்டு உழைக்கும் பொருள்களின் செலவையும் ஆண்டுதோறும் கையை விட்டுப் போகும் செலவையும் தனித்தனியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

சாதாரணத் துப்பாக்கியும் குறிபார்க்க உதவும் ஸ்கோப்பும் சேர்ந்து 600 டாலர், குளிர்தாங்கும் உடையும் காலணியும் சட்டப்படி அணிய வேண்டிய ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு மேற்சட்டையும் 250, கத்தி, கயிறு முதலியன 50 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 900 டாலர். பத்தாண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 90. துப்பாக்கி, தோட்டா விலைகளுக்குள் 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி விதிக்கப்படும் 11 சதவீத மத்திய வரி அடங்கியிருக்கிறது. அது வனவிலங்குப் பாதுகாப்புக்கே மாநிலங்களுக்குத் திரும்பி வருவதால், அந்தப் பணம் போவதில் எனக்கு வருத்தமே இல்லை.

மாநிலத்தில் வசிப்பவருக்கு உரிமக் கட்டணம் 24 டாலர். வெளிமாநிலத்தவருக்கு அது பல மடங்கு. 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்கள் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். தோட்டாவுக்கு 40, பெட்ரோலுக்கு 60, கறி வெட்டித் தருபவருக்கு 120 என்று, மேலே சொன்ன 90ஐயும் சேர்த்தால் அந்த ஆண்டின் மொத்தச் செலவு 334 டாலர் ஆகிறது. குடல் நீக்கிய பின் 120 பவுண்டு எடையுள்ள மானிலிருந்து எலும்பில்லாத கறி ஏறக்குறைய 50 பவுண்டு தேறும்; எனவே பவுண்டு ஆறே முக்கால் டாலருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒரு மான்தான் கிடைக்கிறது என்றால், வெறுங்கையோடு திரும்பிய ஆண்டின், கறி வெட்டும் கூலி நீங்கலான 214 டாலரையும் சேர்க்க வேண்டும். அப்போது பவுண்டு பதினோரு டாலரை எட்டிவிடும். இந்த வெறும் ஆண்டைத்தான் பெரும்பாலோர் கணக்கில் எழுதுவதில்லை. வேட்டைக் கறியை விற்பதும் சட்டவிரோதம் என்பதால் வரவுப் பக்கத்தில் எழுத ஒன்றுமில்லை.

செலவைக் குறைக்க இரண்டு வழிகள் உண்மையாகப் பலன் தரும். முதலாவது, நிலம் குத்தகைக்கு எடுக்காமல் பொது நிலத்தில் வேட்டையாடுவது. செக்வாமகன்-நிக்கோலே தேசிய வனத்தில் மட்டும் சுமார் 15 லட்சம் ஏக்கர் திறந்திருக்கிறது. இரண்டாவது, கறியை வீட்டிலேயே வெட்டுவது. தொடைக்கறியைத் தசை தசையாகப் பிரித்து, மேலே வெள்ளி போல் மின்னும் ஜவ்வின் அடியில் கத்தியைப் படுக்கவைத்து இழுத்தால் அது நாடாவாக உரிந்து வரும். கொழுப்பை ஒட்டச் சீவி எறிந்துவிட வேண்டும், ஏனெனில் ஆறியதும் அது மெழுகாக அண்ணத்தில் ஒட்டும். முதல் மானுக்கு ஒரு முழு நாள் பிடிக்கும் என்றாலும் 120 டாலர் மிஞ்சும்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. சி.டபிள்யூ.டி. என்னும் மூளை நோய் இம்மாநில மான்களிடம் 2002 முதல் காணப்படுகிறது, பரிசோதனை இலவசம். கழுத்தின் ஒரு பகுதியோடு தலையைப் பரிசோதனைக்கான மாதிரிகளைச் சேகரிக்கும் பெட்டியில் சேர்த்துவிட்டு, முடிவு வரும்வரை கறியைத் தனியே பெயரிட்டு உறைய வையுங்கள். நோய் உறுதியானால் செலவைப் பாராமல் முழுவதையும் அப்புறப்படுத்திவிடுங்கள்.