சோளத்துக்கு எவ்வளவு தண்ணீர்: கணக்கு சறுக்கும் இடங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பீடோர் பக்கம் மழைக்கு என்ன குறை, இங்கே இனிப்புச் சோளத்துக்குத் தண்ணீர்க் கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பழைய ஈயலம்ப மணலில், அதாவது ஈயச் சுரங்கம் இருந்த நிலத்து மணலில், சோளம் போட்டவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்தால் மதியத்தில் இலை குழல் மாதிரி சுருண்டுவிடும்.

அதிகம் பேர் செய்யும் தவறு, மாதக் கணக்கு. மழை 250 மி.மீ., பயிர் குடிப்பது 150 மி.மீ., ஆகவே பாசனம் வேண்டாம் என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் மண்ணின் கொள்ளளவு சிறியது. மணலில் ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பயிர் எடுக்கக்கூடிய நீர் 60 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வேர் அரை மீட்டர் என்றால் 30 மி.மீ. அதில் பாதி தீர்வதற்குள் தண்ணீர் விட வேண்டும். ஆக, கையில் இருப்பது 15 மி.மீ.தான். புல்தரையிலிருந்து நாளுக்கு 4.5 மி.மீ. ஆவியாகும் ஊரில், கதிர் விடும் இனிப்புச் சோளத்துக்கு அதை 1.15ஆல் பெருக்க வேண்டும். நாளுக்கு 5.2 மி.மீ. போகும். மூன்றே நாள்! அன்று சாயங்காலம் 50 மி.மீ. மழை கொட்டினாலும் மண் பிடிப்பது அந்த 15தான். மீதி 35 போட்ட உரத்தையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். இதே கணக்கை மீட்டருக்கு 150 மி.மீ. பிடிக்கும் களிமண்ணில் போட்டால் ஏழு நாள் தாங்கும். அதனால் நாள் கணக்காகத்தான் ஓட்ட வேண்டும்.

வட்டாரம் முழுவதற்கும் ஒரே மண், ஒரே மழை என்று வைப்பதும் கூடாது. மணலையும் களியையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 105 மி.மீ. வரும், அப்படி ஒரு வயல் எங்கே இருக்கிறது? மழையும் அப்படித்தான். பேராக்கிலேயே தைப்பிங்கில் பெய்வதில் ஏறக்குறைய பாதிதான் சித்தியவானில் பெய்கிறது. மண் வாரியாக, மழைமானி வாரியாகத் தனித்தனியே ஓட்டி, கடைசியில் பரப்பளவை வைத்துக் கூட்டுங்கள்.

அப்புறம், 1.15 மாதிரியே பெருக்கப் பயன்படும் இன்னொரு எண், 0.3. ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் 1998இல் வெளியிட்ட பயிர்நீர் வழிகாட்டியில் நாற்றுப் பருவத்துக்கு இந்த எண் இருக்கும். அது எப்போதாவது நனையும் மண்ணுக்கு. நம் ஊரில் அடிக்கடி நனையும் வெற்று மண்ணிலிருந்து அதைவிட எவ்வளவோ கூடுதலாக ஆவியாகிறது. அதே வழிகாட்டி மழை இடைவெளியைப் பொறுத்து எண்ணை மாற்றச் சொல்கிறது.

தொடக்க ஈரமும் முக்கியம். கெடா மாநிலத்தில் ஜனவரி காய்ந்த பிறகு பிப்ரவரியில் விதைத்துவிட்டு, மண் நிறைந்திருப்பதாகக் கணக்கை ஆரம்பித்தால் முதல் வாரமே பிசகும்.

கணக்கு ஈரம் இருக்கிறது என்று சொல்லும் நாளில் மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டி, ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பாருங்கள். உள்ளங்கையில் ஈரத்தடம் படியாமல் உதிர்ந்தால், வேர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று அந்தக் குழியிலேயே அளந்து, கணக்கை மறுபடி ஓட்டுங்கள்.