கப் விமானம் தரையில் சுழலாமல் நின்றது இப்படித்தான்

பைப்பர் ஜே-3 கப் (வாலில் சிறு சக்கரம் உள்ள இருவர் விமானம்) தரை தொட்டதும் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு ஓடியது; எனக்கு அது சரியானது காலால்தான், கையால் அல்ல. எடைமையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், மூக்கு சற்றே திரும்பினாலும் வால் முந்தப் பார்க்கும். ரட்டரை (வாலில் உள்ள, காலால் மிதித்துத் திருப்பும் சுக்கான்) மிதித்தபடியே வைத்திருந்தால் மறுபக்கம் பாயும். சின்ன மிதி, உடனே விடுதல், அவ்வளவுதான். தனியாகப் பறக்கும்போது பின்சீட்டில் உட்கார வேண்டும் என்பதால் மூக்கு பாதையை மறைக்கும். ஓடுபாதையின் இரு ஓரங்களையும் தூரத்தில் பாருங்கள்.

மூன்று சக்கரமும் தொட்டபின் ஸ்டிக்கை (கையால் இயக்கும் கட்டுப்பாட்டுக் கோல்) வயிற்றோடு இழுத்துப் பிடித்தால் வால்சக்கரம் தரையில் பதியும். பக்கக்காற்றில் எய்லெரானுக்காக (இறக்கை ஓரத்து அசையும் மடல்) ஸ்டிக்கைக் காற்று வரும் பக்கம் சாயுங்கள், வேகம் குறையக் குறைய முழுசாக. பெரிதாகத் துள்ளினால் ஸ்டிக்கை முன்னால் குத்தாதீர்கள்; முழு த்ராட்டில் (எஞ்சின் விசை) கொடுத்து மேலேறி, மறுசுற்று வந்து இறங்குங்கள்.

மெதுவானதும் ரட்டர் வலுவிழக்கும், அசட்டையாக இருப்பவர்கள் சுழல்வது அங்கேதான். அப்போது குதிகால் பிரேக்கை லேசாகத் தட்டலாம். அழுத்தினால் மூக்கு தரையில் குத்தி புரொப்பெல்லர் போய்விடும்.