நெல்லைப் பக்கம் சிறுவர் கல்வித் தொடர்: பட்ஜெட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

13 எபிசோட் தொடர் என்றால், ஒரு எபிசோடுக்கு இவ்வளவு என்று போட்டு, அதை 13-ஆல் பெருக்கிச் சேனலிடம் நீட்டுவதுதான் முதல் தவறு. செட், பொம்மைகள், டைட்டில் பாட்டு எல்லாம் ஒரு தடவைச் செலவு. பேட்டா (தினப்படி), வண்டி, சாப்பாடு நாள் கணக்கு. எடிட்டிங், டப்பிங் மட்டும்தான் எபிசோட் கணக்கு. மூன்றையும் தனித்தனியாக எழுதாவிட்டால், சேனல் 13-ஐ 10 ஆக்கச் சொல்லும்போது எது குறையும், எது குறையாது என்று பதில் சொல்ல முடியாது.

நாள் கணக்கில்தான் பெரிய ஓட்டை. சட்டப்படி குழந்தை நடிகர் ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேலும் வேலை செய்யக் கூடாது. தொடர்ந்து 27 நாளைத் தாண்டக் கூடாது. மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். சம்பளத்தில் 20 சதவீதமாவது குழந்தை பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். பெரியவர்கள் கால்ஷீட்டை (ஒரு நாள் வேலை நேரத்தை) நம்பி ஒரு நாளைக்கு 9 நிமிடக் காட்சி தேறும் என்று போட்டால், 22 நிமிட எபிசோட் 13-க்கு 32 நாள். குழந்தைகளின் 5 மணி நேரத்தில் 6 நிமிடம்தான் தேறியது என்றால் 48 நாள். கூடுதல் 16 நாளுக்கும் யூனிட் முழுக்க பேட்டாவும் ரூம் வாடகையும் ஓடும். பொம்மை மட்டும் வரும் காட்சிகளைக் குழந்தைகள் கிளம்பிய பிறகு வைத்தால் கொஞ்சம் மீட்கலாம்.

அடுத்தது பருவம். நெல் பற்றிய எபிசோடுக்கு நடவையும் அறுப்பையும் ஒரே ஷெட்யூலில் போடுபவர்கள் உண்டு! அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் பிசான நெல் பருவத்தில் ஐப்பசி, கார்த்திகை வாக்கில் நட்டால் மாசி, பங்குனியில்தான் அறுப்பு. ஒரே வயலைப் பேசி வைத்து, ஒரு கேமராவோடு சின்ன யூனிட்டை இரண்டு தடவை அனுப்புங்கள். இரண்டிலும் அதே ஆறு வயசுப் பிள்ளையை நிறுத்தாதீர்கள். இடையில் முன்பல் விழுந்திருக்கும்.

குற்றால அருவி ஆனி, ஆடி. தண்ணீர் கூடினால் கிட்டவே விடமாட்டார்கள், மாற்றுக் காட்சி கையில் இருக்கட்டும். முண்டந்துறைக் காட்டுக்கு வனத்துறை அனுமதி வராமல் தேதி குறிக்காதீர்கள். ராதாபுரம் காற்றாலைப் பக்கம் அதே ஆனி, ஆடிக் காற்றில் லைவ் சவுண்ட் தேறாது, டப்பிங் செலவை முதலிலேயே சேருங்கள்.

பாட நிபுணரை ஸ்கிரிப்ட் கட்டத்தில் விட்டுவிட்டு, ரஃப் கட் (முதல் எடிட்) பார்க்க மட்டும் கூப்பிடுவது வீண் சிக்கனம். ஸ்கிரிப்டில் ஒரு வரி திருத்தப் பேனா போதும். அனிமேஷன் முடிந்த பிறகு அதே வரிக்குப் படம், குரல், மிக்ஸிங் எல்லாம் மறுபடி.

எதிர்பாராச் செலவுக்கு 10 சதவீதம் ஒதுக்கி, அதைத் தொடப் புரொடக்‌ஷன் மேனேஜர் கையெழுத்து வேண்டும் என்று வையுங்கள்.