ஆய்வேட்டில் அட்டவணை போடுவது எப்படி? வேர்டில் முதல் முறை செய்பவர்களுக்கு

மார்ச் பிறந்தால் எங்கள் கடையில் ஆய்வேட்டுக் கூட்டம்தான். இராமநாதபுரத்தில் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, பக்கம் சரிபார்த்து, பிரிண்ட் எடுத்து பைண்டிங்குக்கு அனுப்புவது என் வேலை. மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளில் பலர் கடலைப் பற்றித்தான் ஆய்வு செய்கிறார்கள். மீன் வரத்து, பாசி எடுப்பு, நண்டு, கடற்புல் என்று ஆளுக்கொன்று. விடியுமுன் இறங்குதளத்தில் போய் நின்று, கூடை கூடையாக எடை பார்த்து நோட்டில் குறித்து வந்த எண்கள் அவை. அட்டவணையில் அவை கோணல்மாணலாகக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு மாணவி பென்டிரைவோடு வந்தார். "அண்ணே, வீட்ல பார்க்கும்போது சரியாத்தான் இருந்துச்சு. இங்க திறந்தா எண்ணெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்கு" என்றார். திறந்து பார்த்தால் அதில் அட்டவணையே இல்லை. ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி எண்களை நகர்த்தி நிறுத்தியிருந்தார். எழுத்துரு மாறினால் இடைவெளியின் அகலமும் மாறும். அவர் கணினியில் நேராக நின்றது இங்கே சரிந்துவிட்டது. அன்றைக்கு அவரோடு உட்கார்ந்து செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வேர்டை வைத்துச் சொல்கிறேன். லிப்ரே ஆபீஸ்காரர்களுக்குக் கடைசியில் தனியாகக் குறிப்பு இருக்கிறது.

முதலில் தாளில் போட்டுப் பாருங்கள்

கணினியைத் தொடுவதற்கு முன் பென்சிலால் ஒரு கட்டம் வரையுங்கள். குறுக்கே போவது வரிசை, மேலிருந்து கீழே இறங்குவது நெடுவரிசை. எந்த எண்ணை எதோடு ஒப்பிட வேண்டுமோ, அவை இரண்டும் ஒரே நெடுவரிசையில் மேலும் கீழுமாக வரட்டும். பக்கவாட்டில் ஓடும் எண்களைவிட ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் எண்களைக் கண் எளிதாக ஒப்பிடும். 12 மாதக் கணக்கு என்றால் மாதங்கள் கீழ்நோக்கி இறங்கட்டும். பக்கவாட்டில் போட்டால் ஏ4 தாளில் 12 நெடுவரிசை நெருக்கியடித்து நிற்கும்.

இந்த மாதிரியை வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் எழுதியவை.

| மாதம் | விசைப்படகு, கிலோ | நாட்டுப்படகு, கிலோ |
|---|---|---|
| மார்ச் | 1,842.5 | 316.0 |
| ஏப்ரல் | 905.0 அ | 287.5 |
| மே | – | 402.5 |
| ஜூன் | 1,120.5 ஆ | 358.0 |

அலகைத் தலைப்பில் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். ஒவ்வொரு கட்டத்திலும் "கிலோ, கிலோ" என்று எழுத வேண்டாம்.

வெறும் கட்டம், பூஜ்யம், சிறுகோடு

எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைவிட இதுதான் முக்கியம். நம் கடற்கரையில் ஆய்வு செய்கிற எல்லாருக்கும் இந்தக் கேள்வி வரும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. அப்படியானால் மே மாதக் கட்டத்தில் விசைப்படகுக்கு என்ன எழுதுவது? பலர் 0 என்று போடுகிறார்கள். 0 என்றால் படகு கடலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியது என்று பொருள். மே மாதத்தில் படகு போகவே இல்லை. அதற்குச் சிறுகோடு போட்டு, அட்டவணையின் கீழே "– : தடைக்காலம், கடலுக்குச் செல்லவில்லை" என்று எழுதுங்கள். ஒன்றுமே எழுதாமல் விட்டால், படிக்கிறவர் நீங்கள் மறந்துவிட்டதாகத்தான் நினைப்பார். அன்று மழை பிடித்து நீங்கள் இறங்குதளத்துக்குப் போக முடியவில்லை என்றால் அது வேறு. அதற்கு "தரவு இல்லை" என்று தனிக் குறிப்பு வேண்டும்.

ஏப்ரலையும் ஜூனையும் கவனியுங்கள். ஏப்ரலில் விசைப்படகு எண் 14 நாளுக்கானது, ஜூனில் 16 நாளுக்கானது. குறிப்பில்லாமல் விட்டால் ஏப்ரலில் மீன் பாதியாகக் குறைந்துவிட்டதுபோலத் தெரியும். அதனால்தான் மாதிரியில் அ, ஆ என்று குறி வைத்திருக்கிறேன். கீழே "அ: ஏப்ரல் 1 முதல் 14 வரை. ஆ: ஜூன் 15 முதல் 30 வரை" என்று வர வேண்டும். இந்தக் குறியை எழுத்தின் தலைமேல் சிறியதாக ஏற்ற, அந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், சமக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். உங்கள் தரவு பழைய ஆண்டுகளுக்கும் போகிறது என்றால் இன்னொரு குறிப்பும் தேவைப்படும். தடைக்காலம் முன்பு 45 நாளாக இருந்தது.

அட்டவணையைச் செருகுதல்

இது சுலபம். கர்சரை வேண்டிய இடத்தில் வைத்து, இன்சர்ட் மெனுவில் டேபிள். 3 நெடுவரிசை, 5 வரிசை. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக டேப் விசை. கடைசிக் கட்டத்தில் நின்று டேப் அழுத்தினால் புதிய வரிசை தானாகவே முளைக்கும். கட்டத்துக்குள் என்டர் தட்டாதீர்கள்; ஒரே கட்டத்தில் இரண்டு எண்கள் மேலும் கீழுமாக வந்துவிட்டால் பின்னால் ஒரு வரிசையைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாமல் திணறுவீர்கள்.

எக்செல்லில் கணக்கு இருக்கிறது என்றால் காப்பி செய்து வேர்டில் ஒட்டும்போது "யூஸ் டெஸ்டினேஷன் ஸ்டைல்ஸ்" என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். படமாக ஒட்ட வேண்டாம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் திருத்த முடியாது, பிரிண்டில் மங்கலாகவும் விழும். வழிகாட்டி ஒரு எண்ணை மாற்றச் சொன்னால் முழுப் படத்தையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

எண்களை நேராக நிறுத்துதல்

ஊர்ப் பெயர், மீன் பெயர் போன்ற சொற்கள் இடப்பக்கம் ஒட்டி நிற்கட்டும். எண்களை நடுவில் வைக்காதீர்கள். 1,842.5-ஐயும் 905.0-ஐயும் நடுவில் வைத்தால் ஆயிரமும் நூறும் இடம் மாறி நிற்கும். வலப்பக்கம் ஒட்ட வைக்கலாம். ஆனால் 905.0-க்குப் பக்கத்தில் "அ" என்ற குறி வந்ததும் அந்த எண் மட்டும் இடப்பக்கம் நகர்ந்துவிடும்.

இதற்குச் சரியான வழி தசம டேப். வியூ மெனுவில் ரூலரை டிக் செய்யுங்கள். ரூலரின் இடது ஓரத்தில் ஒரு சிறிய பெட்டி இருக்கும். அதைச் சொடுக்கிக்கொண்டே போனால் வடிவம் மாறிக்கொண்டே வரும்; தலைகீழான டி எழுத்தும் பக்கத்தில் ஒரு புள்ளியும் சேர்ந்த வடிவம் வந்ததும் நிறுத்துங்கள். அதுதான் தசம டேப். இப்போது தலைப்பை விட்டுவிட்டு எண் கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, இடப்பக்க ஒட்டலில் வைத்து, அந்த நெடுவரிசைக்கு மேலே ரூலரில் ஒரு சொடுக்கு. டேப் விசையைத் தட்டாமலேயே எல்லாப் புள்ளிகளும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். பாம்பன் மாணவி இதைப் பார்த்ததும் முந்தைய அத்தியாயங்களையும் திறந்து எல்லா அட்டவணையிலும் தானே செய்யத் தொடங்கிவிட்டார்.

ஒரு நெடுவரிசைக்குள் தசம இலக்கங்கள் ஒரே எண்ணிக்கையில் இருக்கட்டும். எக்செல் சராசரி 23.66667 என்று காட்டும், அப்படியே ஒட்டாதீர்கள். உங்கள் தராசு 100 கிராம் வரைதான் காட்டும் என்றால் 23.7 போதும். தராசு காட்டாத துல்லியத்தை அட்டவணை காட்டக் கூடாது.

காற்புள்ளி விஷயமும் இருக்கிறது. ஒரு லட்சத்து ஐயாயிரத்தை நாம் 1,05,000 என்று எழுதுவோம். வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பினால் 105,000. இரண்டில் எது என்று முதலிலேயே தீர்மானித்து ஆய்வேடு முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று கோடு போதும்

வேர்ட் தருகிற அட்டவணையில் எல்லாப் பக்கமும் கோடு இருக்கும். ஏபிஏ (அமெரிக்க உளவியல் கழகத்தின்) நடையிலும் பல ஆய்விதழ்களிலும் நெடுக்குக் கோடுகள் வராது. தலைப்பு வரிசைக்கு மேல் ஒன்று, அதற்குக் கீழ் ஒன்று, அட்டவணை முடிவில் ஒன்று. அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்து, டேபிள் டிசைனில் பார்டர்ஸ், அதில் நோ பார்டர். அப்புறம் டாப் பார்டர், பாட்டம் பார்டர். கடைசியாகத் தலைப்பு வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து பாட்டம் பார்டர். கோடு போனதும் கட்டம் எங்கே என்று தெரியவில்லை என்றால் டேபிள் லேஅவுட்டில் வியூ கிரிட்லைன்ஸ் கொடுங்கள். திரையில் புள்ளிக்கோடு தெரியும், பிரிண்டில் வராது.

என் கண்ணுக்கு இந்த மூன்று கோட்டு அட்டவணைதான் அழகு. ஆனால் உங்கள் பல்கலைக்கழகக் கையேடு முழுக் கட்டம் கேட்டால் முழுக் கட்டமே போடுங்கள். வண்ணம் மட்டும் வேண்டாம். கறுப்பு வெள்ளை நகலில் நீலத் தலைப்பு சாம்பல் பூசி, எழுத்து தெரியாமல் போகும்.

தலைப்பும் எண்ணும்

அட்டவணைக்குத் தலைப்பு மேலே வரும், படத்துக்குப் பெரும்பாலும் கீழே. "அட்டவணை 4" என்று கையால் தட்டாதீர்கள். நடுவில் ஒன்றைச் சேர்த்தால் அதற்கப்புறம் உள்ள எல்லா எண்ணையும் நீங்களே மாற்ற வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் வாய்மொழித் தேர்வில் அதைத்தான் கேட்பார்கள்.

அட்டவணையைத் தேர்ந்தெடுத்து ரெஃபரன்ஸஸ் மெனுவில் இன்சர்ட் கேப்ஷன். நியூ லேபிள் கொடுத்து "அட்டவணை" என்று தமிழில் தட்டினால் அதுவே பட்டியலில் சேர்ந்துவிடும். இடம் என்று கேட்கும்போது அபவ். இனி எண்ணை வேர்டே பார்த்துக்கொள்ளும்.

கட்டுரைக்குள் அட்டவணையைச் சுட்டவும் அதே மெனுவில் கிராஸ் ரெஃபரன்ஸ் இருக்கிறது. "ஒன்லி லேபிள் அண்ட் நம்பர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். தமிழில் வேற்றுமை உருபு எண்ணுக்குப் பிறகு வர வேண்டும் என்பதால், சுட்டியைச் செருகி அதன் பக்கத்தில் "-இல்" என்று நீங்கள் தட்டிக்கொள்ளுங்கள்: "அட்டவணை 4-இல் காணலாம்". எல்லாம் முடிந்ததும் கன்ட்ரோல் ஏ, அப்புறம் எஃப்9. எண்கள் புதுப்பிக்கப்படும். முன்பக்கத்து அட்டவணைப் பட்டியலும் இன்சர்ட் டேபிள் ஆஃப் ஃபிகர்ஸ் மூலம் தானாக வந்துவிடும்.

பக்கம் தாண்டும்போது

தலைப்பு வரிசையைத் தேர்ந்தெடுத்து, டேபிள் லேஅவுட்டில் ரிப்பீட் ஹெடர் ரோஸ். அட்டவணை அடுத்த பக்கத்துக்குப் போனாலும் தலைப்பு மறுபடி வரும். வரவில்லை என்றால் டேபிள் பிராப்பர்ட்டீஸில் டெக்ஸ்ட் ராப்பிங் அரவுண்ட் என்று இருக்கிறதா பாருங்கள். அதை நன் (None) ஆக்குங்கள். அங்கேயே ரோ பகுதியில் "அலவ் ரோ டு பிரேக் அக்ராஸ் பேஜஸ்" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். கேப்ஷனாகப் போட்ட தலைப்பு ஒரு பக்கத்திலும் அட்டவணை அடுத்த பக்கத்திலும் பிரிந்தால், அந்தத் தலைப்புப் பத்திக்கு கீப் வித் நெக்ஸ்ட் கொடுத்தால் போதும். என்டர் தட்டித் தள்ளாதீர்கள்.

அட்டவணை மிக அகலம் என்றால் அதற்கு முன்னும் பின்னும் லேஅவுட், பிரேக்ஸ், நெக்ஸ்ட் பேஜ் என்று பிரிவு போட்டு, நடுப்பக்கத்தை மட்டும் லேண்ட்ஸ்கேப் ஆக்குங்கள்.

தமிழ் எழுத்துக்கான கவனம்

ஆங்கில விளக்கங்களில் இது கிடைக்காது. இட நெருக்கடிக்காக வரி இடைவெளியையோ வரிசை உயரத்தையோ எக்ஸாக்ட்லி என்று இறுக்கினால், "சூடை", "நெத்திலி", "கணவாய்" என்று எழுதிய இடத்தில் மேல் கொக்கியும் புள்ளியும் வெட்டுப்படும். "ன்" என்பது "ன" ஆகிவிட்டால் சொல்லே தப்பு. வரிசை உயரத்துக்கு அட் லீஸ்ட், வரி இடைவெளிக்கு சிங்கிள், பத்திக்கு முன்னும் பின்னும் 2 அல்லது 3 பாயின்ட். உள்ளுரை 1.5 இடைவெளியில் இருந்தாலும் அட்டவணைக்குள் அது வேண்டாம்.

எழுத்து அளவை 10 ஆக்கியும் தமிழ் மட்டும் பெரிதாகவே நின்றால் கன்ட்ரோல் டி அழுத்துங்கள். அங்கே காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்று தனியாக ஒரு அளவு இருக்கும். தமிழுக்கு அதுதான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு வேறு கணினியில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். முதலிலேயே யூனிகோடுக்கு மாற்றி, லதாவோ நிர்மலாவோ வைத்துக்கொள்ளுங்கள்.

லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு

கன்ட்ரோல் எஃப்12 அழுத்தினால் அட்டவணை. அதன்மேல் வலச் சொடுக்கில் இன்சர்ட் கேப்ஷன். டேபிள் பிராப்பர்ட்டீஸில் டெக்ஸ்ட் ஃப்ளோ பக்கத்தில் ரிப்பீட் ஹெடிங். மற்றவை ஏறக்குறைய இதேதான்.

பிரிண்டுக்கு முன்

வேர்ட் கோப்பாகக் கடைக்குக் கொண்டுவராமல் பிடிஎஃப் ஆக்கி எடுத்து வாருங்கள். எழுத்துருவும் கோடும் அப்படியே இருக்கும். முதலில் அட்டவணை உள்ள ஒரு பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். அப்புறம் ஒருவர் நோட்டைப் பார்த்து எண்களைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் பிரிண்டில் டிக் போட்டுக்கொண்டே வர வேண்டும். அந்த மாணவி வாசித்தார், நான் டிக் போட்டேன். கடல் ஈரம் பட்டு ஓரம் சுருண்ட நோட்டு அது. ஆகஸ்ட் வரிசையில் 6-ம் 9-ம் இடம் மாறியிருந்தன. திருத்திவிட்டு, கன்ட்ரோல் ஏ, எஃப்9 அழுத்தி, மறுபடி பிடிஎஃப் எடுத்தோம்.