சட்டமூலத்தை எதிர்க்க இருப்பது ஒரு கிழமைதான்

பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை இலங்கையில் எந்த நீதிமன்றத்திலும் செல்லாததாக்க முடியாது. சபாநாயகர் 'முறைப்படி நிறைவேறியது' என்று சான்றுரை எழுதியதோடு அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரை கதவைச் சாத்திவிடும். நிறைவேற்றிய முறை பிழை என்றாலும் அதே கதைதான். சட்டமூலமாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். 121 ஆம் உறுப்புரைப்படி, அது பாராளுமன்ற நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் இடப்பட்டு ஒரு கிழமைக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு கொடுத்தாக வேண்டும்.

கல்முனையிலோ வாழைச்சேனையிலோ இருக்கும் சங்கம் ஒன்றுக்கு அந்த ஒரு கிழமை போதாது. அறிவித்தல் போட்டு, கூட்டம் கூடி, தீர்மானம் எடுப்பதற்குள் அது ஓடிவிடும். ஆகவே அதற்கு முந்திய 14 நாட்களில் வேலையை முடியுங்கள். வர்த்தமானியில் வெளிவந்து குறைந்தது 14 நாட்கள் கழித்தே சட்டமூலத்தை ஒழுங்குப் பத்திரத்தில் இடலாம் என்கிறது 78(1). 2020 இல் 20 ஆம் திருத்தம் இதை 7 நாளாக்கியது. 2022 இல் 21 ஆம் திருத்தம் திரும்பவும் 14 ஆக்கியது. கையில் இருக்கும் பழைய குறிப்பில் 7 என்று இருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள்.

திகதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். சட்டமூலத்தின் முகப்பில் இரண்டு திகதிகள் இருக்கும்: ஒன்று வர்த்தமானியின் திகதி, மற்றது அடைப்புக்குறிக்குள் வெளியிடப்பட்ட திகதி. இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்த வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்தில் அவை 2023 செப்டம்பர் 15, 18. பாராளுமன்றத்துக்கு அது வந்தது ஒக்டோபர் 3. மனுவுக்கான ஒரு கிழமையை முகப்புத் திகதி எதிலிருந்தும் எண்ணக் கூடாது. ஒழுங்குப் பத்திரத்தில் இட்ட நாளிலிருந்தே எண்ண வேண்டும். சனி, ஞாயிறைக் கழிக்காதீர்கள். ஐந்தாம் நாளைக் கடைசி நாளாக வைத்துக்கொள்வதே புத்தி. அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தை வெள்ளிதோறும், பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தை அமர்வு நாள்தோறும் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

தமிழ்ப் பிரதியை மட்டும் வாசித்து மனு எழுத வேண்டாம். முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று கடைசி வாசகம் வழக்கமாகச் சொல்லும். சட்டத்தரணியோடு இருந்து, எந்த வாசகம் எந்த உறுப்புரையோடு முரண்படுகிறது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். "முழுச் சட்டமூலமும் அநீதி" என்பது வாதமாகாது. சங்கத்தின் பேரிலும் மனு கொடுக்கலாம். பதிவு செய்யாத சங்கமானாலும் சரி. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பிரஜைகளாக இருந்தால் போதும். உறுப்பினர் பட்டியலையும் தீர்மானப் பிரதியையும் முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள்.

எமது கிழக்கு மாகாணத்தவர் தவறவிடக் கூடாத ஒன்று 154எ(3) ஆம் உறுப்புரை. மாகாண சபை நிரலில் (மாகாணங்களுக்கு ஒதுக்கிய அதிகாரங்களின் பட்டியலில்) உள்ள விடயம் பற்றிய சட்டமூலத்தை ஒழுங்குப் பத்திரத்தில் இடுமுன் ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்பி அபிப்பிராயம் பெற வேண்டும். 2012 இல் வாழ்வாதார அபிவிருத்திக்கென வந்த திவிநெகும சட்டமூலம் சிக்கியது இதில்தான். நிரலைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

மனுவைக் கொழும்பு புதுக்கடையில் உயர் நீதிமன்றப் பதிவகத்தில் ஒப்படைக்க வேண்டும். அதேவேளை சபாநாயகருக்கும் ஒரு பிரதி போக வேண்டும். இதை மறந்தால் பூர்வாங்க ஆட்சேபனைக்கு நீங்களே இடம் கொடுத்ததாகும். புதுக்கடையில் ஒருவர், பாராளுமன்றம் இருக்கும் கோட்டேயில் ஒருவர் என்று பிரிந்து போய், இரு இடத்திலும் திகதி முத்திரையோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள். இரவு பஸ் ஏறி விடியப் போய் இறங்கி, ஒரே ஆள் இரண்டையும் செய்யப் பார்ப்பது ஆபத்து.

மனு போனபின் நீதிமன்றம் மூன்று கிழமைக்குள் தீர்மானிக்க வேண்டும். அதுவரை பாராளுமன்றம் அதில் கை வைக்க முடியாது. அரசியலமைப்புத் திருத்தச் சட்டமூலமென்றால், சர்வசன வாக்கெடுப்பு தேவையா என்பது மட்டுமே கேள்வி.

பெரிய ஓட்டை குழுநிலைத் திருத்தம், அதாவது பாராளுமன்றம் சட்டமூலத்தை வாசகம் வாசகமாக ஆராயும் கட்டத்தில் செய்யும் மாற்றம். அங்கே நுழைக்கும் வாசகத்தை எதிர்க்கப் பிரஜைக்குப் புதிதாக ஒரு கிழமை கிடைக்காது. சட்டமா அதிபர்தான் 77(2) இன்படி பார்த்து சபாநாயகருக்குச் சொல்ல வேண்டும். பெண் வேட்பாளர் பங்கு பற்றி வந்த மாகாண சபைத் தேர்தல் சட்டமூலம் 2017 செப்டம்பர் 20 அன்று குழுநிலையில் தேர்தல் முறையையே மாற்றும் சட்டமாகியது. அதே மாத முடிவில் கிழக்கு மாகாண சபையின் காலமும் முடிந்தது. தேர்தல் இல்லாமலே வருடங்கள் ஓடின. எனவே வழக்கு முடிந்தது என்று வீட்டுக்குப் போகாமல், உங்கள் மாவட்ட உறுப்பினரிடம் குழுநிலைத் திருத்தங்களைக் கேட்டு வாங்கி, நீதிமன்றத் தீர்மானத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பிழை கண்டால் சான்றுரைக்கு முன்பே சபாநாயகருக்கு எழுத்தில் கொடுங்கள். நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 ஜனவரி 24 நிறைவேறி, பெப்ரவரி 1 சான்றுரை பெற்றது; இடையில் எட்டு நாட்கள்தான்.

எல்லாம் தவறிப்போனால், அச்சட்டத்தின் கீழ் அதிகாரிகள் எடுக்கும் நடவடிக்கையும் அமைச்சர் ஆக்கும் ஒழுங்குவிதிகளும் மிஞ்சும். அவற்றுக்கு எதிராக 126 ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனு கொடுக்கலாம். தவணை ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்தில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது. விசாரணை நடக்கிறது என்று ஆணைக்குழுவிடம் கடிதம் வாங்கிக் கோவையில் வையுங்கள்.