மேனிங் சூத்திரத்தைப் பயன்படுத்துகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாய்க்காலில் நீர் ஓடும் வேகத்தைக் கணிக்க வேண்டுமென்றால் பொறியாளர்கள் முதலில் எடுப்பது மேனிங் சூத்திரத்தைத்தான். அயர்லாந்தின் பொதுப்பணி அலுவலகத்தில் தலைமைப் பொறியாளராக இருந்த ராபர்ட் மேனிங், திறந்த வாய்க்கால்களிலும் குழாய்களிலும் நீரோட்டம் பற்றிய தம் ஆய்வை 1889இல் அந்நாட்டுக் கட்டுமானப் பொறியாளர்கள் கழகத்தில் வாசித்தார்; 1891இல் அது அச்சேறியது. நீரோட்டத்தின் வெட்டுமுகப் பரப்பை, நீர் தொடும் படுகை, கரைகளின் நீளமான நனைந்த சுற்றளவால் வகுத்தால் வருவது நீரியல் ஆரம். அதன் 2/3 அடுக்கையும் சரிவின் வர்க்கமூலத்தையும் பெருக்கி, வாய்க்காலின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்ணான சொரசொரப்புக் கெழுவால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். இவ்வளவு எளிமையாக இருப்பதாலேயே அதை யோசிக்காமல் பயன்படுத்துவதும் எளிதாகிவிடுகிறது.

முதல் தவறு, இதை இயற்பியல் விதியாகக் கருதுவது. மேனிங் தம் காலத்தில் வழக்கில் இருந்த ஏழு சூத்திரங்களை எடுத்துக்கொண்டு, 0.25 மீட்டர் முதல் 30 மீட்டர் வரையிலான நீரியல் ஆரங்களுக்கு ஒவ்வொன்றும் தரும் வேகத்தைக் கணக்கிட்டு, அவற்றின் சராசரிக்குப் பொருந்தும் வடிவத்தைத் தேடினார். பிரெஞ்சுப் பொறியாளர் பசானின் சோதனை அளவீடுகளிலிருந்து அவருக்குக் கிடைத்த அடுக்குகள் 0.6175 முதல் 0.8395 வரை பரவியிருந்தன. அவற்றுக்கு வசதியான எண்ணாக 2/3ஐ வைத்துக்கொண்டார். சமன்பாட்டின் இருபுறமும் பரிமாணங்கள் ஒத்துப்போகவில்லை என்பதால் மேனிங்குக்கே இதில் நிறைவில்லை. அவர் மாற்றாக முன்வைத்த வேறொரு சூத்திரத்தை இன்று யாரும் பயன்படுத்துவதில்லை. பரிமாணம் ஒத்துப்போகாததால்தான் அடிக்கணக்கில் 1.486 என்ற பெருக்கெண் தேவைப்படுகிறது. பழைய கால்வாய்ப் பதிவேடுகளிலுள்ள அடி அளவுகளை அப்படியே எடுத்து இப்பெருக்கெண்ணை விட்டுவிட்டால், விடை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

சொரசொரப்புக் கெழுவை வாய்க்கால் கட்டிய பொருளின் நிலையான குணமாக எண்ணி, அட்டவணையிலிருந்து ஒரு முறை எடுத்து வைத்துக்கொள்வதும் பரவலான தவறு. தூர்வாரிய, நேரான மண் வாய்க்காலுக்கு 0.022 என்று எடுத்தது, புல்லும் கோரையும் மண்டிய பிறகு 0.035 ஆக உயர்ந்தால், அதே ஆழத்தில் ஓடும் நீர் முன்பு ஓடியதில் 63 விழுக்காடுதான். வளைவுகள், படுகை மேடுகள், கற்களின் மேல் ஓடும் நீரின் ஆழம் ஆகியவையும் இந்த எண்ணை மாற்றும்.

வெள்ளக் கணக்கில்தான் பெரிய விபரீதம் நேர்கிறது. 10 மீட்டர் அகலமும் செங்குத்தான கரைகளும் உடைய ஓடையில் 2 மீட்டர் ஆழத்துக்கு, கரை விளிம்பு வரை நீர் நிற்பதாகவும், கெழு 0.025, சரிவு 2,500இல் 1 என்றும் கொள்வோம். பரப்பு 20 சதுர மீட்டர், நனைந்த சுற்றளவு 14 மீட்டர். ஓட்டம், அதாவது பரப்பையும் வேகத்தையும் பெருக்கி வருவது, வினாடிக்கு ஏறத்தாழ 20.3 கனமீட்டர். நீர் இன்னும் 10 சென்டிமீட்டர் ஏறி, இருபுறமும் 20 மீட்டர் அகல வெளியில் பரவுகிறது. முழுவதையும் ஒரே வெட்டுமுகமாக எடுத்தால் பரப்பு 25 ஆக உயரும்போதே சுற்றளவு 54.2 ஆகத் தாவிவிடுகிறது; ஓட்டம் 11.9 கனமீட்டர் என்று வருகிறது. அதாவது, நீர்மட்டம் ஏறியும் வெள்ளம் முன்பிருந்ததில் பாதிக்குச் சற்று மேலான அளவுக்குச் சுருங்கிவிட்டதாகக் கணக்கு சொல்கிறது! ஓடையையும் இரு கரைவெளிகளையும் செங்குத்துக் கோடுகளால் பிரித்து, அக்கோடுகளைச் சுற்றளவில் சேர்க்காமல் தனித்தனியாகக் கணக்கிட்டால் மொத்தம் சுமார் 22.7 கனமீட்டர் வரும். விரைந்தோடும் ஓடை நீருக்கும் மெதுவாக நகரும் வெளி நீருக்கும் இடையே எழும் சுழல்கள் இழப்பை ஏற்படுத்துவதால் உண்மை ஓட்டம் இதைவிடச் சற்றுக் குறையலாம். ஆனால் முந்தைய விடையைப் போல அபத்தமாக இருக்காது.

சரிவு என்றதும் படுகைச் சரிவை இடுவது, ஆழமும் வேகமும் மாறாத சீரான ஓட்டத்தில் மட்டுமே சரி. தடுப்பணைக்கோ மூடிய மதகுக்கோ மேற்புறம் நீர் தேங்கி நிற்கையில், படுகை எவ்வளவு சரிந்திருந்தாலும் நீர்ப்பரப்பு கிட்டத்தட்டச் சமமட்டமாகவே இருக்கும். அங்கே ஆற்றல் கோட்டின் (ஓட்டத்தின் வழியே நீரின் மொத்த ஆற்றல் குறைவதைக் காட்டும் கோடு) சரிவை எடுத்து, ஆழம் படிப்படியாக மாறும் ஓட்டமாகக் கணக்கிட வேண்டும். அழுத்தத்தில் ஓடும் குழாய்க்கும் இதே நிலைதான்: குழாய் பதித்திருக்கும் சாய்வுக்கும் அதில் ஓடும் நீரின் அளவுக்கும் நேரடித் தொடர்பில்லை. சிறிய, வழுவழுப்பான குழாய்களில் நீரின் பாகுத்தன்மைக்கும் பங்குண்டு என்பதால், அதைக் கணக்கில் கொள்ளும் டார்சி-வைஸ்பாக் சமன்பாடே அங்கு ஏற்றது.

நிரம்பிய வட்டக் குழாய்க்கு நீரியல் ஆரம் என்பது விட்டத்தில் கால்பங்கு. பெயரில் ஆரம் இருக்கிறதே என்று விட்டத்தில் பாதியை இடுபவர்களுக்கு வேகம் 59 விழுக்காடு கூடுதலாக வரும். கழிவுநீர்க் குழாய் 94 விழுக்காடு ஆழத்தில் ஓடும்போது, முழுதாக நிரம்பி ஓடுவதைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு அதிக நீரைக் கடத்தும் என்று சூத்திரம் காட்டுவது உண்மையே. அந்தக் கூடுதலை நம்பிக் குழாயின் அளவைக் குறைப்பது தவறு. சிறு அலையிலேயே குழாய் நிரம்பிவிட்டால் அந்த 8 விழுக்காடு போய்விடும், மிஞ்சும் நீர் ஆள்நுழைவுக் குழிகளில் ஏறி நிற்கும்.